மீனுக்குக் கட்டுறீங்களா, மனுஷனுக்குக் கட்டுறீங்களா?

ஸ்டோன்ஃப்ளை கட்டுறது எப்படின்னு தேடிப் பாருங்க. வர்றதெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். முதுகுக்கு ஒரு பட்டை, வயித்துக்கு வேற நிறம், இறக்கை மூடிக்கு வான்கோழி இறகை வெட்டி வார்னிஷ் பூசணும், கண்ணுக்கு ரெண்டு மணி, காலுக்கு முழங்கால் தெரியுற மாதிரி முடிச்சு. முழங்கால்! பூச்சிக்கு! முக்கால் மணி நேரம் குனிஞ்சு உக்காந்து கட்டி முடிச்சு மேஜையில வச்சா, அம்மா துடைப்பத்தைத் தூக்கிட்டு வர்ற அளவுக்குத் தத்ரூபமா இருக்கும். ஒத்துக்கிறேன். ஆனா மீன் அந்த முழங்காலைப் பார்த்து வருதுன்னு சொல்றாங்களே, அங்கதான் எனக்குச் சண்டை.

விஷயம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஃப்ளை ஃபிஷிங்னா புழு, மாவு எதுவும் இல்லாம, தூண்டில் முள்ளுல நூல், இறகு, மயிர் எல்லாம் சுத்திப் பூச்சி மாதிரி செஞ்சு மீனை ஏமாத்துற வேலை. நான் படிக்க வந்திருக்கிற மொன்டானாவுல இது கிட்டத்தட்ட மதம். (நம்ம நீலகிரியிலயும் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் உண்டு, அவலாஞ்சியில பண்ணையே இருக்கு. ஆனா இங்க பேசப்போறது மேடிசன், கேலட்டின் மாதிரி ராக்கி மலை ஆறுகளைப் பத்தி.)

இப்ப அந்தப் பூச்சி. ஸ்டோன்ஃப்ளைகள்ல பெருசு, இங்க சால்மன்ஃப்ளைன்னு கூப்பிடுற ஜாதி. வாழ்க்கையில மூணு நாலு வருஷம் தண்ணிக்கு அடியில, கல்லைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே போயிடும். கருப்பு கலந்த பழுப்பு நிறம், ஆறு கால், முன்னாடி ரெண்டு மீசை, பின்னாடி ரெண்டு வால், நீளம் ரெண்டு அங்குலம் வரைக்கும். றெக்கை முளைக்கிற நேரம் வந்தா மத்த பல பூச்சிகள் மாதிரி தண்ணிக்கு மேல மிதந்து வராது. கரைக்கு ஊர்ந்து போய், கல்லு மேலயோ செடி மேலயோ ஏறி, தோலை உரிச்சுப் போட்டுட்டுப் பறக்கும். இங்க அது பெரும்பாலும் ஜூன் மாச வாக்குல நடக்கும்.

இதுல ரெண்டு சமாச்சாரம் கவனிங்க. ஒண்ணு, மூணு நாலு வருஷம் தண்ணியிலயே கிடக்கிறதால, வருஷத்துல எந்த நாள் போனாலும் ஆத்துல ஏதோ ஒரு சைஸ்ல அது இருக்கும். மீனுக்கு அது தினசரி பார்த்துப் பழகின சாப்பாடு. ரெண்டு, அதுக்கு நீச்சல் சரியா வராது. பிடி நழுவினா அவ்வளவுதான், கையைக் காலை உதறிக்கிட்டு ஓட்டத்தோட உருண்டு போகும்.

கல்லு மேல வேகமா ஓடுற தண்ணியில கருப்பா ஒண்ணு காலை ஆட்டிக்கிட்டு வருது. ட்ரவுட்டுக்கு யோசிக்கக் கிடைக்கிறது ஒரு நொடி, பல நேரம் அதுவும் கிடையாது. விட்டா போச்சு. மீனுக்குக் கை வேற கிடையாது, எடுத்துத் திருப்பிப் பார்க்க; வாயில போட்டுத்தான் பார்க்கும், பிடிக்கலைன்னா துப்பும். அந்த நேரத்துல அதுக்குத் தெரியுறது அளவு, நிறத்தோட அடர்த்தி, அசைவு, அது வர்ற ஆழம். வார்னிஷ் இல்ல.

நானா அடிச்சு விடுறேன்னு நினைக்காதீங்க. வெஸ்ட் யெல்லோஸ்டோன்ல வாழ்ந்த சார்லஸ் புரூக்ஸ், பெரிய ட்ரவுட்டை நிம்ஃப் வச்சுப் பிடிக்கிறதைப் பத்தி 1976-ல ஒரு புத்தகமே போட்டவர். மனுஷன் ஆத்துக்குள்ள முங்கி, தன்னோட ஃப்ளை தண்ணிக்கு அடியில எப்படிப் போகுதுன்னு பார்த்தார். நிஜப் பூச்சி முதுகு மேல, வயிறு கீழன்னு போகுது. கட்டின ஃப்ளை உருளுது, முதுகும் வயிறும் மாறி மாறித் தெரியுது. மீன் விலகிப் போறதுக்கு அதுதான் காரணம்னு முடிவு கட்டி, முதுகு வயிறு வித்தியாசமே இல்லாம, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கிற ஃப்ளையைக் கட்ட ஆரம்பிச்சார். அவர் சொன்னது சரின்னா, வயித்துக்குத் தனி நிறம் குடுத்து நீங்க பட்ட பாடு வீண் மட்டும் இல்ல, கெடுதல்.

சரி, கட்டுறதுக்கு வருவோம். இதுக்குப் பேர் பேட்ஸ் ரப்பர் லெக்ஸ். நீளத் தண்டு உள்ள 8-ஆம் நம்பர் முள் ஒண்ணு எடுத்து, நுனிக்குப் பக்கத்துல எதிரா நீட்டிக்கிட்டு இருக்கிற செதிலை இடுக்கியால அமுக்கிடுங்க. மீனைத் திரும்ப விடுறப்ப காயம் குறையும். தண்டுல எடைக்கம்பியைப் பதினஞ்சு இருபது சுத்து சுத்தி, மேல நூலை ஓட்டி அசையாம பண்ணுங்க. முள் வளையுற இடத்துல ஒரு ரப்பர் இழையை மடிச்சு 'வி' மாதிரி கட்டினா வால் ரெடி. அதே இடத்துல ஷெனீல் கயிறைக் கட்டி விட்டுட்டு, நூலை முன்னாடி கொண்டு வாங்க. காப்பிப் பொடி நிறமும் கருப்பும் கலந்த ஷெனீல் விக்கிறாங்க, அதுதான் என் தேர்வு. முன்பாதியில மூணு ரப்பர் இழையைக் குறுக்கா வச்சு, பெருக்கல் குறி போடுற மாதிரி நூலைச் சுத்தினா ஆறு கால். கண்ணுக்குப் பக்கத்துல இன்னொரு 'வி', அது மீசை. இப்ப ஷெனீலை நெருக்கமா முன்னாடி சுத்திக்கிட்டே வாங்க. கால் வர்ற இடத்துல மட்டும் ரெண்டு பக்கமும் விலக்கி விட்டுச் சுத்தணும், அமுக்கிடாதீங்க. முடிச்சு, ஒரு சொட்டு பசை, காலை அளவா வெட்டுறது. முடிஞ்சது. கால் ரொம்ப நீளமா விட்டா முள்ளையே சுத்திக்கும், ஒட்ட வெட்டினா ஆடாது. அஞ்சு நிமிஷ வேலை.

இதைக் கையில வச்சுக்கிட்டு ஒரு கடைக்குப் போனப்ப கிடைச்ச பதில்: "இது ஃப்ளையே இல்ல, ரப்பர் புழு." கூட நின்ன ரெண்டு பேர் சிரிச்சாங்க. இந்தச் சிரிப்புக்கு வயசு அதிகம். இங்கிலாந்துல மிதக்குற ஃப்ளைதான் யோக்கியமானதுன்னு ஒரு கூட்டம் இருந்தது. தண்ணிக்கு அடியில நிம்ஃப் போட்ட ஸ்கூஸ் மேல பாய்ஞ்சு, 1938-ல லண்டன்ல ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப் கூட்டம் போட்டு விவாதம் நடத்துற அளவுக்குப் போச்சு. அப்புறம் வந்த ஃபிராங்க் சாயர், செம்புக் கம்பியும் ஃபெசன்ட் வால் இறகும் மட்டும் வச்சு, கால்கூட இல்லாம ஒரு நிம்ஃப் கட்டினார். இன்னிக்கு அது இல்லாத டப்பா கிடையாது.

அழகுக்காகக் கட்டுறவங்களோட எனக்குத் தகராறு இல்ல. மார்கழியில வாசலை அடைச்சு இருபத்தோரு புள்ளிக் கோலம் போடுறவங்க உண்டு, பார்க்கக் கண் கோடி வேணும். ஆனா அரிசி மாவு தின்ன வர்ற எறும்பு புள்ளியை எண்ணுதுன்னு யாராவது சொன்னா சிரிப்பீங்களா இல்லையா? அதேபோல, அசையாத தெளிஞ்ச தண்ணியில மீன் நின்னு நிதானமாப் பார்க்கும், அங்க நுணுக்கம் கைகொடுக்கும்னு சொன்னா அதுவும் சரிதான். பெரிய ஸ்டோன்ஃப்ளை வாழுற இடம் அது இல்ல.

உண்மையான நஷ்டம் வேற இடத்துல இருக்கு. இந்த ஃப்ளை அடியில கல்லை உரசிக்கிட்டுப் போகணும். உரசினா மாட்டும், மாட்டினா அறுந்து போகும். ஒரு நாளைக்கு ஆறு ஏழு போறது சாதாரணம். முக்கால் மணி நேரம் உழைச்சுக் கட்டினதை எவன் தைரியமாக் கல்லு இடுக்குல விடுவான்? அரை அடி மேலயே ஓட்டிட்டு, மீன் இல்லன்னு வீட்டுக்குப் போவான். அடுத்த வாரம் இன்னும் நுணுக்கமா ஒண்ணு கட்டுவான். புதுசா வர்றவன் இதைப் பார்த்துட்டு, இது நமக்கு ஆகாதுன்னு வைஸைப் பரண்ல போட்டுடுவான். கடையில வாங்கலாம்னா ஒண்ணு மூணு டாலருக்குக் குறையாது, மாணவன் பாக்கெட்டுக்கு ஏழு மூணு இருபத்தொண்ணு எவ்வளவு வலிக்கும்னு உங்களுக்கே தெரியும் :)

அத்தனை அறுந்து போகும்னு தெரிஞ்சே கட்டுறதால, எடைக்கம்பி மட்டும் ஈயமா வேண்டாம். ஈயமில்லாத கம்பி கொஞ்சம் எடை குறைவு, ரெண்டு சுத்து கூடப் போட்டாப் போதும். யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள்ள ஈயத்துக்கும் எதிர்ச்செதில் உள்ள முள்ளுக்கும் அனுமதியே கிடையாது. குளிர்ச்சியும் ஆக்ஸிஜனும் குறைஞ்சா, கல்லு இடுக்குல சேறு அடைஞ்சா, முதல்ல காணாமப் போற பூச்சிகள்ல இதுவும் ஒண்ணு; ஆறு நல்லா இருக்கான்னு பார்க்க விஞ்ஞானிகள் இதைத்தான் எண்ணுறாங்க. நீங்களும் தூண்டிலைப் போடுறதுக்கு முன்னாடி முழங்கால் ஆழத்துல நாலு கல்லைப் புரட்டிப் பாருங்க. அங்க ஊர்றதோட அளவுக்கும் நிறத்துக்கும் பொருத்தமா டப்பாவுல இருந்து ஒண்ணு எடுத்தாப் போதும். பார்த்து முடிச்சதும் கல்லை இருந்த மாதிரியே வச்சிடுங்க, அடியில ஆள் குடியிருக்கு.