குறுக்கே பெருக்கும் முன்...

மூன்று எண்களைக் கொடுத்து நான்காவதைக் கேட்டால் போதும், பாதி வகுப்பு யோசிக்காமல் குறுக்கே பெருக்க ஆரம்பித்துவிடும். நேர் மாறல் பாடத்தில் விடையும் சரியாகவே வந்துவிடும். சிக்கலே அதுதான்! பாடத்தின் தலைப்பே 'நேர் மாறல்' என்று இருக்கும்போது, இது நேர் மாறல்தானா என்று கேட்க யாருக்குத் தோன்றும்?

நேர் மாறல் என்றால், ஒன்று இரட்டிப்பானால் மற்றதும் இரட்டிப்பாக வேண்டும். ஒன்று பூஜ்யமானால் மற்றதும் பூஜ்யமாக வேண்டும். ஒன்றை மற்றதால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும். அந்த எண்தான் மாறிலி.

3 கிலோ அரிசி 180 ரூபாய் என்றால், மாறிலி 180 ÷ 3 = 60. அது வெறும் எண் அல்ல, ஒரு கிலோவின் விலை. 5 கிலோவுக்கு 5 × 60 = 300 ரூபாய். குறுக்கே பெருக்குபவருக்கும் 300தான் கிடைக்கும். ஆனால் நடுவில் 5 × 180 = 900 என்று எழுதுவாரே, அந்த 900 என்ன என்று கேட்டால் விழிப்பார்.

இப்போது ஆட்டோவுக்கு வருவோம். 2013-ல் சென்னையில் அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதன்படி 3.8 கிலோமீட்டருக்கு 49 ரூபாய். 7.6 கிலோமீட்டருக்கு? குறுக்கே பெருக்கினால் 98. உண்மையில் 94 ரூபாய் 60 காசு. தூரம் கூடக் கூடக் கட்டணமும் கூடுகிறது, ஆனாலும் இது நேர் மாறல் இல்லை!

ஸ்பிரிங்கிலும் இதே கதைதான். 10 செ.மீ. ஸ்பிரிங்கில் 2 கிலோ தொங்கவிட்டால் 14 செ.மீ. ஆகிறது. 4 கிலோவுக்கு 28 என்று எழுதுபவர்கள் நிறைய பேர். சரியான விடை 18. ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்ட விதி ஸ்பிரிங்கின் நீட்சியைப் பற்றியது, மொத்த நீளத்தைப் பற்றியது அல்ல. நீட்சி 4 செ.மீ.யிலிருந்து 8 ஆகிறது, அவ்வளவுதான்.

ஆகவே, நேர் மாறல் பயிற்சியில் நேர் மாறல் அல்லாத கணக்குகள் இரண்டாவது கலந்திருக்க வேண்டும். 'இது நேர் மாறல் அல்ல' என்று காரணத்தோடு எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் தர வேண்டும். பரீட்சையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். இரண்டு முறை வகுத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். யோசிக்காமல் பெருக்கும் பழக்கம் பரீட்சையோடு முடிந்துவிடுவதில்லையே!