68 டாலர் பட்டறை!

'இனி எல்லாம் எலெக்ட்ரிக் வண்டிதான், இன்ஜினைப் படிச்சு என்ன பண்ணப்போறே?'னு மெக்கானிக்கல் பசங்களை யாராவது ஓட்டுறாங்களா? டென்ஷன் ஆகாதீங்க பாஸ். இதைவிடப் பெரிய மாற்றத்தைத் தாண்டின ஒரு கம்பெனியோட கதை இது.

1852. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்ற ஊர். ஹென்றி, கிளெம் ஸ்டூட்பேக்கர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர், 68 டாலர் முதல் போட்டு கொல்லுப் பட்டறை ஆரம்பித்தார்கள். லாடம் அடிப்பது, குதிரை வண்டி செய்வது... இதுதான் தொழில். அவர்களின் தம்பி ஜான், தங்கம் கிடைக்கிறதுனு கேள்விப்பட்டு கலிஃபோர்னியா போனார். போன இடத்தில் தங்கம் தோண்டாமல், தோண்டுறவங்களுக்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செஞ்சு வித்தார். செம மூளை! 1858-ல் 8,000 டாலரோடு ஊர் திரும்பி, அதைக் குடும்பத் தொழிலில் போட்டார். உள்நாட்டுப் போர் வந்தபோது ராணுவத்துக்கே இவங்க வண்டிதான் போச்சு.

அப்புறம் கார் வந்தது. இவங்க பயந்து ஓடலை. 1902-ல் முதல் கார் விட்டாங்க. அதுவும் எலெக்ட்ரிக்! தாமஸ் ஆல்வா எடிசனே ஒண்ணு வாங்கினார். 1904-ல் பெட்ரோல் கார். அதுக்காக சோறு போட்ட குதிரை வண்டியை உடனே கைவிட்டுடலை. 1920 வரைக்கும் செஞ்சாங்க.

'அப்புறம் என்ன, சுபம்தானே?'னு கேட்காதீங்க. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் மாதிரி பெரிய கைகளோட விலைப் போட்டியில் ஈடுகொடுக்க முடியலை. 1963 டிசம்பரில் சவுத் பெண்ட்டில் கார் தயாரிப்பு நின்றது. கனடாவில் 1966 வரை ஓட்டிப் பார்த்துவிட்டு அங்கேயும் நிறுத்திவிட்டார்கள்.

அடி விழுந்தது தொழிலாளர்களுக்கு. பென்ஷன் நிதியில் போதுமான பணம் இல்லை. 60 வயதைத் தொட்ட சீனியர்களுக்கு முழு பென்ஷன். 40-லிருந்து 59 வயது வரை இருந்த சுமார் 4,000 பேருக்குச் சேர வேண்டியதில் ஏறக்குறைய 15 சதவிகிதம்தான். மீதிப் பேருக்குப் பைசா கிடையாது. யோசிச்சுப் பாருங்க, அந்த 4,000 பேரும் நம்ம அப்பா வயசுக்காரங்க! அந்தக் கோபமும் சேர்ந்துதான், 1974-ல் அமெரிக்காவில் பென்ஷனைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே வந்தது.

டெக்னாலஜி மாறினா நாம கத்துக்கலாம் பாஸ். வயசான காலத்துப் பணம் போனா? அதனால ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் சம்பளத்தை மட்டும் பார்த்துட்டு ட்ரீட்டுக்குக் கிளம்பிடாதீங்க. பி.எஃப். பத்தின வரியையும் படிங்க. எங்க அப்பா பி.எஃப். கணக்குல எவ்வளவு இருக்குனு நேத்துதான் முதல் தடவையா கேட்டேன். நீங்க கேட்டாச்சா?