காற்றுப் படுக்கையும் தரைக் குளிரும்

கூடாரப் படுக்கை வாங்குவோர் பெரும்பாலும் தடிமனையே பார்க்கின்றனர். ஆனால், மலைப்பகுதிகளில் உறக்கத்தைக் கெடுப்பது தரையின் மேடுபள்ளத்தைவிட அதன் குளிரே என்பதால், உடற்சூடு கீழே இறங்குவதைப் படுக்கை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் ‘ஆர் மதிப்பு’ என்னும் எண்ணையே முதலில் நோக்க வேண்டும். வெறும் காற்றடைத்த தடித்த மெத்தையில், படுத்திருப்பவர் புரளும்போதெல்லாம் உட்காற்று கலந்து சூட்டைத் தரையிடம் ஒப்படைத்துவிட, நுரைப்பஞ்சோ காற்றை நுண்ணறைகளில் அடைத்து அக்கலப்பைத் தடுக்கிறது. ஆர் மதிப்பை அளக்கும் பொதுமுறையைத் தரநிர்ணய அமைப்பான ஏஎஸ்டிஎம் 2018இல் வகுத்தது. இரு படுக்கைகளை அடுக்கினால் மதிப்புகளும் கூடும் என்பதால், மலிவான நுரைப்பாய் ஒன்றை அடியில் விரிப்பது புதிய மெத்தை வாங்குவதைவிடச் சிக்கனமானது. வாயால் ஊதுவது, மூச்சின் ஈரம் உள்ளே தங்குமாதலால், தவிர்க்கத்தக்கது. மாலை 30 பாகை செல்சியஸில் நிரப்பிய காற்று 5 பாகைக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ 8 விழுக்காடு சுருங்கும். இதனால் விடியலில் மெத்தை தளர்வதைக் கண்டு ஓட்டை தேடுவோர் பலர். ஆகவே, படுக்கப்போகுமுன் மீண்டும் காற்றேற்றி, ஒருக்களித்துப் படுத்து, இடுப்பெலும்பு தரையைத் தொடாமல் சற்றே அமிழும்வரை அடைப்பானைத் திறந்து காற்றை விடுவது நல்லது.