மைதானம் யாருக்கு?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர் பெரியோர். அந்தச் சுவரை எழுப்பும் இடங்களுள் ஒன்று பள்ளி மைதானம். ஆனால் அம்மைதானம் யாருக்கு உரியது? வேகமாக ஓடிக் கோப்பை வென்று வருபவளுக்கு மட்டுமா? இரண்டு சுற்று ஓடினாலே மூச்சு வாங்கும், உடல் பருத்த என் போன்றவளுக்கும் அதில் இடம் உண்டா? அருட்சகோதரிகள், பெற்றோர், தோழியர் அனைவர் முன்பும் இக்கேள்வியைப் பணிவுடன் வைக்கிறேன்.

ஆறாம் வகுப்பு முதல் நான் ஒரு மரத்தடி மாணவி. தோழியர் எறிபந்தும் கோ-கோவும் ஆடும்போது அவர்களுடைய செருப்புகளுக்கும் தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் காவல் இருப்பது என் வேலை. "உன்னால் முடியாதம்மா, உட்கார்ந்துகொள்" என்று அன்போடுதான் சொன்னார்கள். நானும் அதில் மகிழ்ந்தே இருந்தேன்.

சென்ற ஆண்டு என் தாயாருக்கு நீரிழிவு என்று தெரிய வந்தது. தினமும் நடக்கும்படி மருத்துவர் சொன்னார். வியர்த்துக் கொட்டினால்தான் சர்க்கரை இறங்கும் என்று எண்ணிய அம்மா, முதல் நாளே ஓட்டமும் நடையுமாகப் புறப்பட்டார். நான்காம் நாள் முழங்கால் வீங்கிற்று, நடையும் நின்றது. "மெதுவாகத் தொடங்குங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்" என்று மருத்துவர் திருத்திய பிறகே மீண்டும் நடந்தார். அன்று எனக்கு ஒன்று விளங்கியது. வேகம் இல்லையேல் பயன் இல்லை என்று அம்மாவும் நானும் ஒரே தவற்றை நம்பியிருந்தோம்!

உண்மை என்ன? நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அது தசைக்குள் நுழையக் கதவைத் திறந்துவிடுவது கணையம் சுரக்கும் இன்சுலின். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேர, அக்கதவு எளிதில் திறப்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. அது இயலாமற் போகும்போது இரண்டாம் வகை நீரிழிவு தலைகாட்டுகிறது. ஆனால் உழைக்கின்ற தசையோ, இன்சுலினின் தயவு இல்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பின்பும் ஒரு நாள், சில வேளை இரண்டு நாள், இன்சுலின் முன்னிலும் நன்றாக வேலை செய்யும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடலாகாது என்று மருத்துவர்கள் கூறுவது இதனாலேயே.

இதற்கு எவ்வளவு வேகம் வேண்டும்? 2012-ல் ஆஸ்திரேலியாவில் உடல் எடை மிகுந்தவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. உட்கார்ந்தே இருந்த நாளைவிட, 20 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து 2 நிமிடம் நடந்த நாளில், உணவுக்குப் பின் அவர்களுடைய இரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் குறைந்திருந்தன. மெல்ல நடந்தாலும் சற்று விரைந்து நடந்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே. மாறாக, மிகக் கடுமையாக ஓடும்போது அட்ரினலின் பெருகி, கல்லீரல் சர்க்கரையை வெளியிடுவதால், சிலருக்குச் சிறிது நேரம் இரத்தச் சர்க்கரை ஏறுவதும் உண்டு.

அதற்காக வேகம் தீது என்று சொல்ல வரவில்லை. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான பயிற்சி, அல்லது 75 நிமிடக் கடும் பயிற்சி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகம் நேரத்தை மிச்சப்படுத்தும், இதயத்துக்கும் வலுவூட்டும். ஆனால் வேகம் இல்லாதவளுக்குப் பலன் இல்லை என்பது பொய்.

நம் சென்னையிலேயே இதற்குச் சான்று உண்டு. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரிடம் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வின் முடிவு 2006-ல் வெளிவந்தது. தனி அறிவுரை பெறாதவர்களில் மூன்றாண்டுக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. இவர்கள் ஓட்டப்பந்தய வீரர்கள் அல்லர். நம் பெற்றோரைப் போன்றவர்களே.

தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது உடற்பயிற்சி வகுப்புதானே? 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடல் அசைய வேண்டும் என்றிருக்க, வாரத்தில் கிடைக்கும் ஓரிரு வகுப்பையும் கணக்குப் பாடத்துக்குக் கொடுப்பது முறையா? மதிப்பெண் வரும், நோயும் உடன் வந்தால் யாருக்கு லாபம்?

ஆசிரியைகளே, பருத்த பெண்ணை மரத்தடிக்கு அனுப்பாதீர்கள். அவளால் ஓட இயலாவிட்டால் நடக்கட்டும், வளையப்பந்தாவது ஆடட்டும். பெற்றோரே, "பெண் பிள்ளைக்கு எதற்கு ஆட்டம்?" என்று தடுக்காதீர்கள். நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளையையும் ஒதுக்கிவிட வேண்டாம். மருத்துவரைக் கேட்டு, சர்க்கரை அளவைப் பார்த்து, குளுக்கோஸைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். தோழியரே, பட்டப்பெயர் சூட்டிச் சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சியே பலர் மரத்தடியை நாடுகிறோம்.

இப்போது மாலையில் அம்மாவும் நானும் சேர்ந்து நடக்கிறோம். பேசிக்கொண்டே நடக்க முடிகிறது, பாட முடிவதில்லை. மிதமான வேகத்துக்கு அதுவே அடையாளமாம். வரும் ஆண்டில் செருப்புகளுக்குக் காவல் இருக்க நான் வரமாட்டேன். என் செருப்பையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு மைதானத்துக்கு வருவேன். எனக்கும் ஒரு வளையம் வீசுங்கள், தோழியரே!