வெளிவராத 16-வது தொகுதி

கேலிக்கும் ஒரு பேரேடு வேண்டும் என்று நான் சொன்னால் சங்கத்து அன்பர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். அமெரிக்கச் சிறுவர்களுக்காகத் தயாராகி, கடைக்கே வராமல் நின்றுபோன ஒரு கட்டுப் படச் சீட்டுகளைப் பற்றிய விவகாரம் இது. அதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு என்பது என் கட்சி.

பபிள் கம்முடன் வந்த கிரிக்கெட் வீரர் படங்களையும், மல்யுத்த வீரர்களின் ட்ரம்ப் கார்டுகளையும் நம் பிள்ளைகள் சேர்த்து, எண்ணி, சண்டை போட்டதை நாம் பார்த்திருக்கிறோம். இந்தப் பைத்தியத்தில் அமெரிக்கா நமக்கு மூத்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1938-இல் தொடங்கிய டாப்ஸ் என்னும் சூயிங் கம் கம்பெனி, பேஸ்பால் வீரர்களின் படங்களால் பெயர் பெற்றது. அதே கம்பெனி 1967-இல் 'வாக்கி பேக்கேஜஸ்' என்று வேறொரு சரக்கை இறக்கியது. கடையில் விற்கும் சாமான்களின் மேலுறையை அச்சு அசலாக வரைந்து, பெயரில் ஓரிரு எழுத்தை மட்டும் புரட்டிக் கேலி செய்யும் சீட்டுகள் அவை. சில கம்பெனிகள் ஆட்சேபித்ததால் சில படங்கள் விலக்கிக்கொள்ளப்பட்டன. இந்த வேலையில் ஈடுபட்டவர்களில் ஒருவர் ஆர்ட் ஸ்பீகல்மன். யூதப் படுகொலையைச் சித்திரக் கதையாகச் சொன்ன 'மவுஸ்' நூலுக்காக 1992-இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றவர் இவர்தான். ஆகவே இது விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை மட்டும் அல்ல.

1983-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவில் 'கேபேஜ் பேட்ச் கிட்ஸ்' என்ற பொம்மைக்குப் பெரும் கிராக்கி. முட்டைகோஸ் தோட்டத்தில் பிறந்த குழந்தைகள் என்று கதை கட்டி, தத்தெடுப்புப் பத்திரம் ஒன்றையும் கூடவே கொடுத்தார்கள். பெற்றோர்கள் கடைகளில் முட்டி மோதிக்கொண்டார்கள். இந்தக் கூத்தைப் பார்த்த டாப்ஸ், 1985-இல் 'கார்பேஜ் பெய்ல் கிட்ஸ்', அதாவது குப்பைத்தொட்டிக் குழந்தைகள், என்ற ஸ்டிக்கர் சீட்டுகளை வெளியிட்டது. பாக்கெட் 25 சென்ட். முதல் தொகுதியை வரைந்தவர் ஜான் பவுண்ட். பின்னர் டாம் பங்க், ஜேம்ஸ் வார்ஹோலா முதலியோரும் சேர்ந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பெயர். தலையில் அணுகுண்டு வெடிக்கும் பையன் ஒரு சீட்டில் 'ஆடம் பாம்', இன்னொன்றில் 'பிளாஸ்டட் பில்லி'. பிள்ளைகள் இரண்டையும் தேடி அலைந்தார்கள். ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். பல பள்ளிகள் தடை போட்டன.

1986-இல் பொம்மையின் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 'இது பகடி, பகடிக்கு உரிமை உண்டு' என்று டாப்ஸ் வாதாடியது. ஜார்ஜியா மாநிலத்து ஃபெடரல் கோர்ட் அதை ஏற்கவில்லை. சமூக விமரிசனத்தைவிட லாப நோக்கமே மேலோங்கி நிற்கிறது என்று கருதி இடைக்காலத் தடை விதித்தது. 1987-இல் சமரசம் ஏற்பட்டது. உருவங்களின் சாயலையும் சின்னத்தையும் மாற்ற டாப்ஸ் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் வந்த திரைப்படம் தோல்வி. சி.பி.எஸ். தொலைக்காட்சிக்காகத் தயாரான கார்ட்டூன் தொடர், அமெரிக்காவில் ஒளிபரப்பாகும் முன்பே நிறுத்தப்பட்டது.

சீட்டுகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. 1988-இல் 15-வது தொகுதி வெளிவந்தது. 16-வது தொகுதிக்கும் ஓவியங்கள் தீட்டப்பட்டன. ஆனால் அது கடைக்கு வரவே இல்லை. 2003-இல் டாப்ஸ் இந்தச் சீட்டுகளைப் புதிதாகத் தொடங்கியபோதும் அந்தப் பழைய 16 இடைவெளியாகவே நின்றது. முதல் 15 தொகுதிகளையும் பத்திரமாக வைத்திருக்கும் ஆட்களுக்கு அந்தப் பதினாறில்தான் இன்றும் கண்.

ஏன் நின்றது? விற்பனை சரிந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். வழக்குதான் கொன்றது என்பது இன்னொரு கட்சி. வழக்கு மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது என் எண்ணம். சமரசத்துக்குப் பிறகும் பல தொகுதிகள் வெளிவந்தனவே! மோகம் தணிந்தது, பெற்றோரின் வெறுப்பு, கம்பெனியின் அலுப்பு எல்லாம் சேர்ந்திருக்கலாம். இந்த மர்மத்தின் பின்னால் பெரிய சதி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சத்தமில்லாமல் கைவிடப்பட்ட எதைப் பற்றியும் இப்படித்தான் ஆளுக்கொரு கதை முளைக்கும்.

'ஐயா, குப்பைத்தொட்டிப் படத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா?' என்று கேட்பீர்கள். நம் தலைநகரில் நடந்த ஒரு வழக்கை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் கடலாமைகளுக்கு ஆபத்து என்று சொல்லி, கிரீன்பீஸ் அமைப்பு 2010-இல் 'டர்ட்டில் வெர்சஸ் டாடா' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிட்டது. தங்கள் சின்னத்தைக் கேலி செய்கிறார்கள் என்று டாடா நிறுவனம் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போய் 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டது. 2011 ஜனவரியில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. அங்கே தடை, இங்கே தடை மறுப்பு. தீர்ப்பு எப்படி இருந்தாலும் இரண்டு இடத்திலும் காரணம் எழுதப்பட்டிருக்கிறது. எழுதப்பட்டதால் அதை மறுக்கலாம், அடுத்த வழக்கில் மாற்றலாம். அமெரிக்காவில் 1994-இல் ஒரு பாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், லாபத்துக்காகச் செய்தாலும் பகடி நியாயமான உபயோகமாக இருக்கக்கூடும் என்று சொன்னது. நின்றுபோன அந்தப் பதினாறோடு வாதாட யாராலும் முடியவில்லை, ஏனென்றால் அங்கே எழுதிய காரணம் என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் முன்பு இருந்த ஊரில் ஒரு சங்கம். பெயர் வேண்டாம். ஆண்டு விழாவுக்காகப் பிள்ளைகள் ஒரு நாடகம் தயாரித்தார்கள். டி.வி. விளம்பரங்களைக் கேலி செய்யும் இருபது நிமிட நாடகம். குக்கர், காபித்தூள், தேங்காய் எண்ணெய் எதையும் விடவில்லை. பிள்ளைகளே எழுதியது; பாதி தமிழ், பாதி அந்த ஊர்ப் பாஷை. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு 'நேரமில்லை' என்று நிறுத்திவிட்டார்கள். விழா மலருக்கு விளம்பரம் கொடுத்தவர் கோபித்துக்கொள்வார் என்பதால்தான் என்று சிலர் சொன்னார்கள். ஒரு மாமி தன் பிள்ளைக்கு வேஷம் கிடைக்காத ஆத்திரத்தில் முட்டுக்கட்டை போட்டார் என்றார்கள் வேறு சிலர். உண்மையிலேயே நேரம் இல்லாமலும் இருந்திருக்கலாம். யாரும் காரணம் எழுதவில்லை, நாடகத்தின் பிரதியையும் வைத்துக்கொள்ளவில்லை. அதை எழுதிய பெண் அதன் பிறகு சங்கத்தின் பக்கமே வரவில்லை. வெளியூரில் பிறந்து, தமிழில் சிரிக்கத் தெரிந்த பிள்ளைகள் நமக்கு எத்தனை பேர் கிடைப்பார்கள்?

எல்லாக் கேலியையும் மேடையேற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜாதியை, உடல் குறையை, ஏழ்மையைக் குத்தும் கேலியை நிறுத்தத்தான் வேண்டும். விளம்பரதாரர் மனம் நோகும் என்பதுகூட, பணத்துக்குத் திண்டாடும் சங்கத்துக்கு ஒரு காரணம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. 'இந்தக் காரணத்தால் இந்த நாடகத்தை இந்த ஆண்டு போடவில்லை' என்று இரண்டு வரி எழுதி, எழுதியவரிடம் நேரில் சொல்லுங்கள். பெரியவர்கள் பிள்ளைகளிடம் காரணம் சொல்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

என் யோசனை சிறியது. சங்கத்து அலமாரியில் ஒரு கோப்பு போடுங்கள். நின்றுபோன நாடகம், மலரில் இடம் பெறாத கேலிச் சித்திரம், செயற்குழு நிராகரித்த நையாண்டிக் கட்டுரை, எல்லாம் அதில் போகட்டும். தேதி, எழுதியவர் பெயர், நிறுத்திய காரணம் மூன்றும் மேலே இருக்கட்டும். டாப்ஸ் சீட்டுகளில் ஓவியர் பெயரை அச்சிடவில்லை; நாமாவது பிள்ளைகளின் பெயரை எழுதி வைப்போம். பத்து வருடம் கழித்து வேறொரு செயற்குழு அதைப் புரட்டிப் பார்த்து, 'இதில் என்ன தப்பு, இந்தப் பொங்கலுக்குப் போட்டுவிடலாமே' என்று சொல்லக்கூடும். அடுத்த பொதுக்குழுவில் இதை நான் முன்மொழியப் போகிறேன். எதிர்ப்பவர்கள் தங்கள் காரணத்தை எழுத்தில் கொடுத்தால், அந்தக் கோப்பில் முதல் தாளாக அதையே வைக்கலாம்.