தடுப்பாட்ட வீரருக்கு ரூ.2.35 கோடி: பலன் தந்ததா புனேயின் துணிச்சல்?

வாகட் (புனே): புரோ கபடி ஏலங்களில் பெருந்தொகை பெரும்பாலும் பாடிச் செல்லும் ரைடர்களுக்கே போகும். வாகட்டை அடுத்த பாலேவாடியைச் சொந்தக் களமாகக் கொண்ட புனேரி பல்தான், 2023 அக்டோபரில் அவ்வழக்கத்தை மீறியது. அணியின் செலவு வரம்பு ரூ.5 கோடி, அதில் ஏறக்குறைய பாதியை, ரூ.2.35 கோடியை, ஈரானின் இடது கார்னர் தடுப்பாட்ட வீரர் முகமதுரேசா ஷாத்லூயிக்கு அளித்தது.

அத்தொடரில் 99 டேக்கிள் புள்ளிகளுடன் அவர் முதலிடம் பிடித்தார். 2024 மார்ச் 1-இல் ஹரியாணா ஸ்டீலர்ஸை 28-25 என வீழ்த்திய புனே, முதன்முறையாகக் கோப்பையை வென்றது. ரைடர் பவன் ஷெராவத்துக்கு ரூ.2.60 கோடி கொடுத்த தெலுகு டைட்டன்ஸோ கடைசி இடம் பெற்றது.

எனினும், வெற்றி அந்த ஒரு விலையால் மட்டும் வந்ததன்று. அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் ஆகிய ரைடர்கள் ஏற்கெனவே அணியில் இருந்ததால்தான் தடுப்பாட்டத்துக்கு இவ்வளவு செலவிட முடிந்தது. 2022-இல் பவனை ரூ.2.26 கோடிக்கு வாங்கிய தமிழ் தலைவாஸ், முதல் ஆட்டத்திலேயே அவரைக் காயத்தால் இழந்தும், இளம் ரைடர் நரேந்தரின் ஆட்டத்தால் அரையிறுதி கண்டது.

ஒற்றைத் திறனுக்கு முன்கூட்டியே விலை கொடுப்பதிலுள்ள இடர் அமெரிக்கக் கால்பந்திலும் உண்டு. பந்தை உதைப்பதற்கென்றே ராபர்ட்டோ அகுவாயோவை 2016-இல் இரண்டாம் சுற்றிலேயே தேர்வு செய்த டம்பா பே, மறு ஆண்டே விடுவித்தது.

ஷாத்லூயியைப் புனேயால் தக்கவைக்க இயலவில்லை. அடுத்த ஏலத்தில் ரூ.2.07 கோடிக்கு அவரைப் பெற்ற ஹரியாணா, 2024 டிசம்பர் 29-இல் பாலேவாடியிலேயே கோப்பையை வென்றது. புனே பிளே-ஆஃப் சுற்றுக்குக்கூட முன்னேறவில்லை.