மகனுக்குப் பூட்டு, கம்பெனிக்குத் திறந்த கதவு



துபாயிலும் சிங்கப்பூரிலும் பாடுபடும் நம்ம பிள்ளைகள் அனுப்பும் பணத்தில், பக்கத்து வயலை அவர்கள் பெயருக்கே கிரயம் செய்கிற வழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. சட்டப்படி அது கூடாது. 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் விதிகளின்படி, வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். விவசாய நிலமும் பண்ணை வீடும் வாங்கக் கூடாது. கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தாலும் இதுதான் விதி. மீறினால் அந்தத் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம். நிலமே பறிமுதல் ஆனாலும் ஆகலாம். அப்பன் பாட்டன் வழியில் வந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம், விற்பதென்றால் இங்கேயே குடியிருப்பவருக்குத்தான் விற்கலாம். ரிஜிஸ்டர் ஆபீசில் பத்திரம் பதிவாகிவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள்.

இந்தத் தடையை நாம் எதிர்க்கவில்லை. வேண்டிய தடைதான். மடகாஸ்கர் என்ற தீவு நாட்டில் 2008-இல் என்ன நடந்தது? தேவூ என்ற கொரியக் கம்பெனி, மக்காச்சோளமும் எண்ணெய்ப் பனையும் பயிரிட 13 லட்சம் ஹெக்டேர் நிலத்தை 99 வருடக் குத்தகைக்குப் பேசியது. அந்த நாட்டின் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய பாதி! விளைச்சல் கொரியாவுக்குப் போகும், உள்ளூர்க்காரனுக்குக் கூலி வேலை. ஜனங்கள் கொதித்தார்கள். ஏற்கெனவே கிளம்பியிருந்த அரசியல் கலவரத்தில் இதுவும் எண்ணெய் வார்த்தது. 2009 மார்ச்சில் ஜனாதிபதி பதவியிழந்தார்; அடுத்து வந்தவர் முதல் வேலையாக அந்தப் பேரத்தை ரத்து செய்தார்.

நம் நாட்டில் அப்படி நேராக யாரும் வரமாட்டான். வருகிற வழி வேறு.

முதலில் புரோக்கர் வருவார். நாலு போகம் மழை பொய்த்து, கூட்டுறவு சங்கக் கடன் வட்டியோடு நிற்கிற வீடாகப் பார்த்து வருவார். சென்ட் கணக்கில் விலை பேசி, 'பவர்' எழுதி வாங்குவார். நஞ்சை தரிசாகும், பிறகு நில உபயோக மாற்றம், மனைப்பிரிவு. வயல் என்கிற பெயர் போனதுமே தடையும் போய்விடுகிறது. மனைப்பிரிவு, டவுன்ஷிப் போடும் கம்பெனிகளில் நூற்றுக்கு நூறு அந்நிய முதலீடு வரலாம் என்று 2005-இல் மத்திய அரசு கதவைத் திறந்தது. மனைப்பிரிவு என்றால் குறைந்தது 10 ஹெக்டேர், அதாவது சுமார் 25 ஏக்கர் வேண்டும் என்று அப்போது ஒரு வரம்பாவது இருந்தது. 2014-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

பாலைவனத்தில் வியர்வை சிந்தும் மகன் தன் ஊரில் அரை ஏக்கர் வயல் வாங்கினால் குற்றவாளி. முகம் தெரியாத முதலீட்டாளன் அதே வயலின் மேல் கல் நட்டால் அது வளர்ச்சித் திட்டம்! இது என்ன நியாயம்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். கிராமசபையின் ஒப்புதல் இல்லாமல் நஞ்சையை மனையாக மாற்ற அனுமதிக்கக் கூடாது. மனை போடுகிற கம்பெனியில் யார் பணம், எந்த நாட்டுப் பணம், எவ்வளவு பங்கு என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். வருகிற ஆகஸ்ட் 15 கிராமசபையில் ஒவ்வொரு ஊரிலும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். பெண்களும் வரவேண்டும், பட்டா அவர்கள் பெயரிலும் இருக்கிறது. புரோக்கர் நீட்டுகிற பவர் பத்திரத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து படித்துக் காட்டாமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.